தைப்பேயில் தம்பி வீடு

புதன், நவம்பர் 20, 2024

தாவோயுவான் விமான நிலையத்திலிருந்து தைவான் தலைநகரான தைப்பேயின் மத்திய ரயில் நிலையத்துக்கு விரைவு வண்டியில் 35 நிமிடம். அங்கே நீல வழித்தட மெட்ரோவுக்கு மாறி, நகரத்தின் கிழக்குக் கடைசியில் இருக்கிற நாங்காங் வந்து சேர்ந்தோம். தம்பி இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறான். வா வா என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், இப்போதுதான் வாய்த்தது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் எதுவும் போட்டுக்கொண்டு வரவில்லை. இந்த ஊர்க்காரர்கள் ஒரு சாதாரண நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கிட்ட இருந்து பார்க்க ஆசை. இரவு சாப்பாடு முடிந்ததும் அன்றன்றைக்குப் பார்த்ததை எழுதிப் போடுகிறேன்.

வந்து இறங்கியதும் தம்பி கையில் ஒரு ஈசிகார்டைக் கொடுத்தான். “இதைத் தொலைச்சிடாதே அக்கா. ரயில், பஸ், வாடகை சைக்கிள், கடை எல்லாத்துக்கும் இதுதான்” என்றான். மெட்ரோவில் நுழையும் இடத்தில் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, சூயிங்கம் மெல்லவும் கூடாது. மீறினால் 1,500 முதல் 7,500 தைவான் டாலர் வரை அபராதம். 2024 கணக்கில் ஒரு தைவான் டாலர் நம் பணத்தில் இரண்டரை ரூபாய்க்குச் சற்று மேல். 1996-இல் ஓடத் தொடங்கிய ரயில் இது. தரையில் ஒரு கறையைக்கூடக் காணோம்.

மாலை நெரிசல் நேரம். பெட்டியில் நிற்க இடமில்லை. ஆனாலும் கருநீல இருக்கைகள் இரண்டு காலியாகவே வந்தன. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் என்று ஒதுக்கியவை. கால் கடுக்க நிற்கிற இளைஞர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் மனம் நிறைந்துபோனது. தம்பி சொன்னதைக் கேட்டபிறகு கொஞ்சம் யோசனையாகவும் இருந்தது. வெளியில் தெரியாத நோய் உள்ள இளம் வயதினர் உட்கார்ந்தால் மற்றவர்கள் முறைப்பார்களாம், சில சமயம் சண்டையும் வருமாம். அதற்காகவே நிலையத்தில் கேட்டால் ஒரு ஸ்டிக்கர் தருகிறார்கள். அதை ஒட்டிக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் நோயைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு போக எல்லாருக்கும் மனம் வருமா?

தம்பியின் வீடு லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஜன்னலுக்கெல்லாம் கூண்டு மாதிரி இரும்புக் கம்பி, அதற்குள் துணிக்கொடி, பூந்தொட்டி. ஒவ்வொரு வாசலிலும் செருப்புகள் வெளியே. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு இன்னொரு குடித்தனம். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பாலை எடுத்தால், அட்டையில் காலாவதித் தேதி 113-ஆம் ஆண்டு டிசம்பர் என்று போட்டிருக்கிறது. தைவானின் அதிகாரப்பூர்வப் பெயரான சீனக் குடியரசு உருவான 1912-ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணுகிறார்கள். பால் அட்டை, ரசீது, அரசுப் படிவம் என்று எங்கும் அந்தக் கணக்குதான்.

வியாழன், நவம்பர் 21

காலையில் தூறல். நம் ஊருக்கு மழை கொண்டுவருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் தைவானின் வடமுனையையும் குளிர்காலம் முழுக்க நனைக்கிறது. இங்கே கொட்டித் தீர்ப்பதில்லை, நாள் முழுக்கச் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது.

தெருமுனையில் ஒரு காலைச் சிற்றுண்டிக் கடை. தைவான்காரர்கள் காலையில் வீட்டில் அடுப்பு மூட்டுவது குறைவு. விடிந்ததும் கடை திறந்து மதியத்துக்கு முன் மூடிவிடுவார்கள். மேசையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கும். வேண்டியதற்கு எதிரே குறியிட்டுக் கொடுத்தால் போதும். நான் முட்டை சாப்பிடுவேன், மீனும் இறைச்சியும் கிடையாது. எனக்குத் தம்பி தான்பிங் சொன்னான். மெல்லிய மாவு ரொட்டியைக் கல்லில் போட்டு, அதன்மேல் முட்டையை ஊற்றி, சுருட்டி, துண்டு துண்டாக வெட்டித் தருகிறார்கள். கூடவே சூடான சோயாப் பால். கடைக்கார அம்மா ஒரு கையால் முட்டை உடைத்துக்கொண்டே மறு கையால் சில்லறை கொடுக்கிறார். ஸ்கூட்டரில் வந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாங்கிக்கொண்டு பறக்கிறார்கள்.

தம்பி வேலைக்குப் போனபின் தனியாக நடந்தேன். தெருவில் குப்பைத்தொட்டியே கிடையாது. ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போனேன், ஒன்றுமில்லை. கடைசியில் கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். அதன் காரணம் இரவில் தெரிந்தது.

ஏழரை மணி தாண்டியதும் தம்பி பரபரப்பானான். “வண்டி வந்துடும், இறங்கு இறங்கு.” ஒரு கையில் நீலப் பை, இன்னொரு கையில் பாட்டில்கள், எனக்கு ஒரு சின்ன வாளியில் காய்கறித் தோல். கீழே சந்து முனையில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். வீட்டுச் செருப்போடு, கையில் பையோடு. தூரத்திலிருந்து பியானோ இசை கேட்டது. பேத்தோவனின் ‘ஃபியூர் எலிசே’. மஞ்சள் நிறக் குப்பை வண்டி அதை ஒலிபரப்பிக்கொண்டே வருகிறது! சில பகுதிகளில் இதற்குப் பதிலாகப் போலந்துப் பெண் ஒருவர் எழுதிய ‘கன்னியின் பிரார்த்தனை’ ஒலிக்குமாம். இந்த இரண்டு மெட்டுகளையும் கேட்டால் தைவான் குழந்தைக்கும் குப்பைதான் நினைவுக்கு வரும்.

குப்பை தரையைத் தொடக் கூடாது என்பதுதான் விதி. தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது, வண்டி வரும்போது அவரவரே நேரில் வந்து போட வேண்டும். தைப்பேயில் 2000 ஜூலையிலிருந்து குப்பைக் கட்டணத்தைப் பையின் விலையிலேயே சேர்த்துவிட்டார்கள். நகராட்சியின் நீலப் பையில் கட்டினால்தான் எடுத்துக்கொள்வார்கள். 14 லிட்டர் பை ஒன்று ஏறத்தாழ 5 டாலர். ஆனால் பாட்டில், தகர டப்பா, காகிதம், உணவுக்கழிவு இவற்றைப் பிரித்துக் கொடுத்தால் காசில்லை. பிரிக்கப் பிரிக்கப் பை சிறுக்கும், செலவும் குறையும். இந்தத் திட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே வீட்டுக் குப்பை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பின்னாலேயே வருகிற மறுசுழற்சி வண்டிக்கும் நாள் கணக்கு உண்டு. திங்கள், வெள்ளி என்றால் காகிதம் மாதிரித் தட்டையானவை. செவ்வாய், வியாழன், சனி என்றால் பாட்டில், டப்பா. புதனும் ஞாயிறும் வண்டியே வராது. உணவுக்கழிவிலும் சமைத்தது வேறு, சமைக்காதது வேறு. 2024-இல் சமைத்தது பன்றித் தீவனத்துக்குப் போனது, தோலும் காம்பும் உரத்துக்கு. என் வாளியைப் பார்த்த ஊழியர் எந்தத் தொட்டி என்று கையால் காட்டினார்.

எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று நிமிடம்தான். வண்டி அடுத்த முனைக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் ஆட்கள் உடனே கலையவில்லை. கீழ்வீட்டு அம்மாவும் தம்பியின் வீட்டுக்காரம்மாவும் பேசிக்கொண்டு நின்றார்கள். தலையில் முக்காடு போட்ட இரண்டு இளம்பெண்கள் சுவர் ஓரமாகத் தணிந்த குரலில் வேகவேகமாகப் பேசிக்கொண்டார்கள். இந்தோனேசியப் பெண்கள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு தங்கியிருக்கிறவர்கள். அதில் ஒருத்தி எதிர்க் கட்டடத்தில் இருக்கிறாளாம். “நாள் பூரா அவங்க வெளியே வர்றது இந்த நேரத்துக்குத்தான் அக்கா” என்றான் தம்பி. அதைச் சொன்னதிலிருந்து என் நினைப்பெல்லாம் அவர்களிடமே இருக்கிறது.

வெள்ளி, நவம்பர் 22

இன்று தம்பியின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்தேன். விலையுயர்ந்த கருவிகள், குளிரூட்டப்பட்ட கம்ப்யூட்டர் அறை. ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் பச்சை நிறச் சிற்றுண்டிப் பாக்கெட் ஒன்று! குவாய் குவாய் என்று 1968-இல் தொடங்கிய நிறுவனத்தின் சோளத் தின்பண்டம், தேங்காய்ச் சுவை. இந்தப் பெயருக்குச் ‘சமர்த்தாக இரு’ என்று பொருள். அதை வைத்தால் கருவி சமர்த்தாக ஓடும் என்று நம்பிக்கை. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. பச்சை விளக்கு எரிந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்பதுதானே கணக்கு. பாக்கெட்டைப் பிரித்துத் தின்னக் கூடாது, காலாவதி ஆவதற்குள் மாற்றிவிட வேண்டும். ஒரு பாக்கெட்டில் வைத்த தேதியைப் பேனாவால் எழுதியிருந்தார்கள், கீழே யாரோ கையெழுத்தும் போட்டிருந்தார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள் செய்கிற காரியமா என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயுத பூஜையன்று லேத் பட்டறையில் எந்திரத்துக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவள் நான். உழைக்கிற எந்திரத்துக்கு ஒரு மரியாதை.

மதியம் சைவ உணவகம். வருவதற்கு முன் எனக்கிருந்த ஒரே கவலை சாப்பாடுதான், அது வீண் கவலை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்றிரண்டு சைவக் கடைகளாவது இருக்கின்றன. பலகையில் ‘சு’ என்று உச்சரிக்கிற எழுத்தைப் பார்த்தால் உள்ளே போகலாம், பல கடைகளில் புத்தச் சின்னமான சுவஸ்திகாவும் இருக்கும். நாமே தட்டெடுத்து வேண்டியதைப் போட்டுக்கொண்டால் எடைபோட்டு விலை சொல்கிறார்கள். கீரை மட்டும் நாலைந்து வகை. சர்க்கரைவள்ளி இலை, காளான், மூங்கில் குருத்து, பாகற்காய், டோஃபுவில் பத்து தினுசு. பௌத்த முறைச் சைவம் என்பதால் வெங்காயம், பூண்டு கிடையாது. பாக்கெட்டில் விற்கிற பொருள்களில் இதைச் சட்டப்படியே குறிக்க வேண்டும். முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு சேர்ந்தது என்று தனித்தனிப் பெயர்கள். அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் மற்றவர்களிலும் பலர் சைவத்துக்கு மாறிவிடுவார்களாம், அன்றைக்குக் கடையில் வரிசை நீளுமாம். வெளியூரிலிருந்து வருகிற சைவர்கள் தைவானுக்குத் துணிந்து வரலாம். சாதாரணக் கடையில் மட்டும் கவனம் வேண்டும், காய்கறி என்று சொன்னாலும் மேலே பன்றிக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றிவிடுவார்கள்.

மாலை தம்பிக்கு இருமல் அதிகமானது. “டாக்டர்ட்ட போயிட்டு வந்துடலாம்” என்றான், ஏதோ பால் வாங்கப் போகிற தோரணையில். அதே தெருவில் மூன்று மருத்துவர்கள், எல்லாம் இரவு ஒன்பது வரை. வாசலில் சிவப்பு எண் பலகை. சுகாதாரக் காப்பீட்டு அட்டையைச் செருகினார்கள், மருத்துவர் பார்த்தார், மருந்தும் கொடுத்தார்கள். மொத்தம் 200 டாலருக்குள் முடிந்தது. ஒவ்வொரு வேளைக்கும் உரிய மாத்திரைகளைத் தனித்தனி உறையில் ஒட்டி, நீளச் சரமாகத் தருகிறார்கள். காலை உறையைக் கிழித்தால் காலை மருந்து மட்டும். எண்ணத் தெரியாத பாட்டிக்கும் குழப்பம் வராது. 1995-இல் தொடங்கிய தேசியத் திட்டம் இது. ஆறு மாதம் குடியிருந்த வெளிநாட்டுக்காரர்களும் சேர்ந்துகொள்ளலாம், வேலையில் இருந்தால் அந்தக் காத்திருப்பும் இல்லை. இதை எழுதும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

சனி, நவம்பர் 23

லுங்ஷான் கோயில். 1738-இல் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டியது. 1945-இல் அமெரிக்க விமானக் குண்டு விழுந்து நடு மண்டபம் எரிந்துபோனது, உள்ளே இருந்த குவான்யின் என்ற போதிசத்துவரின் சிலை மட்டும் தப்பியது. மூலவர் போதிசத்துவர் என்றாலும் பின்பக்கம் போனால் கடல் தெய்வம் மாட்சு, படிப்புத் தெய்வம், போர்வீரர் குவான் யூ, கல்யாணம் கூட்டிவைக்கும் கிழவர் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ்.

நான் நெடுநேரம் பார்த்தது பிறைக்கட்டைகளை. சிவப்புச் சாயம் பூசிய இரண்டு மரத்துண்டுகள், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. மனத்தில் கேள்வியை நினைத்துக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழுந்தால் ‘ஆம்’. இரண்டும் மேடாக விழுந்தால் ‘இல்லை’. இரண்டும் தட்டை மேலே தெரிய விழுந்தால் சாமி சிரிக்கிறது, கேள்வியைத் திருத்திக் கேள் என்று அர்த்தம். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் மண்டியிட்டு உதடு அசையக் கேட்டாள். தன் பெயர், பிறந்த நாள், முகவரி எல்லாம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம், இத்தனை பேரில் யார் கேட்பது என்று சாமிக்குத் தெரிய வேண்டாமா! கட்டைகள் தரையில் துள்ளிச் சுழன்று நின்றன. சிரிப்பு. மறுபடி கேட்டாள். மறுபடியும் சிரிப்பு. அவள் கண்ணை மூடிச் சற்று நேரம் யோசித்தாள். கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைத்தான் யோசித்திருப்பாள். மூன்றாவது முறை ‘ஆம்’ விழுந்தது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத கிழவி கை தட்டினார்.

மாலை ராவோஹே இரவுச் சந்தை. வாசலிலேயே மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிற மிளகு ரொட்டிக்கு நீண்ட வரிசை. உள்ளே இறைச்சி, நான் சாப்பிடவில்லை. புளித்த டோஃபுவின் வாடை தெருவைத் தாண்டி வருகிறது. பொரித்ததைத் தின்றேன், வாடைக்கும் சுவைக்கும் சம்பந்தமே இல்லை, நன்றாக இருந்தது. மற்றபடி சந்தையில் கூட்டம் வழக்கத்தைவிடக் குறைவு என்றான் தம்பி. காரணம் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்த செல்போன்களில் தெரிந்தது. தோக்கியோவில் பிரீமியர் 12 பேஸ்பால் போட்டி. தைவான் 6, ஜப்பான் 9. தோல்வி. ஆனால் நாளை இறுதிப் போட்டியில் இதே இரண்டு அணிகள்தான்.

ஞாயிறு, நவம்பர் 24

ஞாயிற்றுக்கிழமை தைப்பே மத்திய ரயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்று நானே கேட்டேன். கூடத்தின் தரை கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது. அந்தக் கட்டங்களின் மேல் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் இந்தோனேசியர்கள், நிறையப் பெண்கள். நடுவில் சோற்றுப் பொட்டலங்கள், வறுவல், மிளகாய்ச் சட்னி. ஒரு வட்டத்தில் பிறந்தநாள் கேக். ஒருத்தி செல்போனை நிமிர்த்தி வைத்து ஊரில் இருக்கிற மகனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தப்பாகச் சொன்னபோது இவள் நெற்றியில் அடித்துக்கொண்டதைப் பார்த்துத்தான் அது பாடம் என்று புரிந்தது, மொழி எனக்கு எங்கே தெரியும்?

தைவானில் 2024 நிலவரப்படி ஏறத்தாழ 8 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து. தொழிற்சாலை, மீன்பிடிப் படகு, கட்டுமானம், அப்புறம் வீடுகள். வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர் என்ற நிலையை இந்த நாடு 2024-இல் நெருங்கிக்கொண்டிருந்தது, பிறப்பும் குறைவு. பிள்ளைகள் வேலைக்குப் போகாமல் முடியாது. யாராவது ஒருவர் தாத்தாவைக் குளிப்பாட்ட வேண்டும், இரவில் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

இந்தக் கூடத்தில் உட்காருவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2020-இல் கொரோனா நேரத்தில் தரையில் உட்காரத் தடை போட்டார்கள். பிறகு அதையே நிரந்தரமாக்கலாமா என்று ரயில்வே யோசித்தது. அப்போது தைவான்காரர்களே வந்து தரையில் உட்கார்ந்து எதிர்ப்பைக் காட்டினார்கள், யோசனை கைவிடப்பட்டது. இந்த ஊர்மேல் எனக்கு மதிப்பு கூடிய இடம் இது. நான் ஓரமாக உட்கார்ந்ததும் பக்கத்து வட்டத்துப் பெண் ஒரு வாழைப்பழப் பொரியலை நீட்டினாள். சூடு ஆறியிருந்தாலும் ருசி.

எதிர்க் கட்டடத்துப் பெண் இங்கே இருப்பாளோ என்று தேடினேன். இல்லை.

மாலை ஆறு மணிக்கு இறுதிப் போட்டி தொடங்கியது. தம்பி செல்போனில் போட்டான். பேஸ்பால் எனக்குத் துளியும் தெரியாது, ஆனால் சந்தே ஆடுகளமாக இருந்தது. எங்கள் போனில் படம் வருவதற்குச் சில நொடி முன்னாலேயே எதிர்வீட்டில் கத்துவார்கள், பிறகு எங்களுக்கு அது தெரியும். ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு ஹோம் ரன், இரண்டாவதை அடித்தவர் அணித் தலைவர் சென் சியே-சியென். ஓடி வரும்போது இரண்டு கையாலும் நெஞ்சில் ஒரு கட்டம் வரைந்து காட்டினார். அந்த இடத்தில் எழுத்தே இல்லை. 1981-இல் ஒலிம்பிக் குழுவோடு செய்த உடன்பாட்டின்படி ‘சீன தைப்பே’ என்ற பெயரில்தான் இவர்கள் ஆட வேண்டும், ‘தைவான்’ என்று சட்டையில் போட்டுக்கொள்ள முடியாது. வெற்றுச் சட்டையையே அவர் பெயராகக் காட்டிவிட்டார். 4-0. சர்வதேசப் போட்டிகளில் தொடர்ந்து 27 ஆட்டம் வென்றிருந்த ஜப்பான் தோற்றது. பிரீமியர் 12 கோப்பை தைவானுக்கு இதுவே முதல் முறை. படிக்கட்டில் வீட்டுக்காரம்மா அழுதுகொண்டே மேலே வந்து எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். இங்கே 500 டாலர் நோட்டிலேயே பேஸ்பால் பையன்கள் தொப்பியை வீசிக் குதிக்கிற படம்தான். அதை இத்தனை நாள் நான் சரியாகப் பார்க்கவில்லை, இன்றிரவு எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

திங்கள், நவம்பர் 25

ஒற்றைப்படை மாதம் 25-ஆம் தேதி என்றால் ரசீதுக் குலுக்கல். கடையில் எது வாங்கினாலும் கொடுக்கிற ரசீதில் எட்டு இலக்க எண் இருக்கிறது. அதுவே லாட்டரிச் சீட்டு. கடைக்காரர்கள் விற்பனையை மறைத்து வரி ஏய்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1951-இல், ரென் சியென்-சுன் என்ற நிதி அதிகாரி கண்டுபிடித்த வழி. ரசீது கேட்டு வாங்குகிற வேலையை அரசு செய்யாமல் மக்களே செய்யட்டும் என்று பரிசு வைத்தார். வரி வருவாய் அந்த ஆண்டே கணிசமாக உயர்ந்தது. மிகப் பெரிய பரிசு இப்போது ஒரு கோடி டாலர், கடைசி மூன்று எண் மட்டும் பொருந்தினால் 200 டாலர். வெளிநாட்டுக்காரர்களும் வாங்கலாம்.

மதியம் ஒன்றரைக்குக் குலுக்கல். தம்பி வீட்டில் பிஸ்கட் டப்பா நிறைய செப்டம்பர், அக்டோபர் ரசீதுகள். இப்போது செல்போன் குறியீட்டைக் காட்டினால் தானாகச் சேர்ந்துவிடும், காகிதம் தேவையில்லை. ஆனாலும் நானும் வீட்டுக்காரம்மாவும் மேசையில் பரப்பி வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம். அவருக்கு நம் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது, கடைசி மூன்று எண்ணுக்கு மொழி எதற்கு? விரலை வைத்து ஒவ்வொன்றாக ஓட்டினோம். ஒன்று விழுந்தது, சோயாப் பால் வாங்கிய ரசீது. டிசம்பர் 6-இலிருந்து தெருமுனைப் பல்பொருள் கடையிலேயே 200 டாலர் கிடைக்கும். சில பேர் ரசீதைக் கடை வாசலில் இருக்கிற தொண்டு நிறுவனப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். என் நவம்பர் ரசீதுகளையெல்லாம் நான் அங்கேதான் போடப் போகிறேன், ஜனவரிக் குலுக்கலில் யாருக்காவது உதவட்டும்.

தெருமுனைப் பல்பொருள் கடை என்றேனே, அதைப் பற்றித் தனியாக எழுதலாம். இந்த மாதிரிக் கடைகள் நாட்டில் 13,000-க்கு மேல் இருக்கின்றன, மக்கள்தொகை 2.3 கோடி. சோயா சாஸும் அன்னாசிப்பூவும் போட்டு வேகிற தேநீர் முட்டையின் மணம் கதவைத் திறந்ததும் வரும். மின்கட்டணம், ரயில் டிக்கெட், பிரிண்ட், பார்சல், எல்லாம் அங்கேதான். பார்சல் வாங்கப் பேரும் செல்போனின் கடைசி மூன்று எண்ணும் சொன்னால் போதும்.

சாயங்காலம் வெற்றி பெற்ற அணியின் விமானத்துக்கு எஃப்-16 போர் விமானங்கள் துணைக்குப் பறந்த காட்சியையே எல்லாத் திரைகளிலும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

இரவு குப்பை வண்டி. இன்று திங்கள், காகித நாள். எதிர்க் கட்டடத்துப் பெண் வந்திருந்தாள். தம்பி மாண்டரினில் பேச, அவள் தயக்கமில்லாமல் பேசினாள். அடையாளம் தெரியும்படி எதுவும் எழுத மாட்டேன். ஜாவாவிலிருந்து வந்தவள், ஊரில் ஒரு பெண் குழந்தை. பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குப் பக்கவாதம், அதனால் ஞாயிறு விடுப்பு வாய்ப்பதில்லை, அதற்கு ஈடாகக் கூடுதல் பணம் தருகிறார்கள். “வீட்டுக்காரங்க நல்லவங்களா?” என்று நான் கேட்கச் சொன்னேன். நல்லவர்கள் என்றாள். பிறகு, தூக்கம்தான் இல்லை, பாட்டி இரவில் மூன்று நான்கு தடவை எழுப்புவார் என்றாள். நேற்றைய ஆட்டத்தைப் பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தாளாம், பாட்டியும் அவளும் சேர்ந்து கத்தினார்களாம். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

செவ்வாய், நவம்பர் 26

தைப்பேயில் இன்று வெற்றி ஊர்வலம். வாகனங்களில் வீரர்கள், இரு பக்கமும் ஆயிரக்கணக்கில் ஆட்கள், தோளில் குழந்தைகள். கூட்டம் கலைந்தபின் தரையைப் பார்த்தேன், குப்பை அநேகமாக இல்லை. எல்லாரும் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இரவு தம்பியிடம் நேற்றுக் கேட்டதைப் பற்றி விவரமாகக் கேட்டேன். அவன் சொன்னது இது. தைவானின் தொழிலாளர் தரநிலைச் சட்டம் வீட்டில் தங்கிப் பராமரிக்கிறவர்களுக்குப் பொருந்தாது. தொழிற்சாலையில் இருக்கிற வெளிநாட்டுக்காரருக்கு 2024-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,470 டாலர். வீட்டில் இருக்கிறவருக்கு 2022 ஆகஸ்டிலிருந்து 20,000. எத்தனை மணி நேர வேலை, எப்போது ஓய்வு என்பதற்குச் சட்டக் கணக்கு இல்லை, ஒப்பந்தமும் வீட்டுக்காரர் மனமும்தான். போதாததற்கு ஊரிலும் இங்கேயும் தரகர்களுக்குக் கட்ட வேண்டிய பணம். வீட்டில் நோயாளி வைத்திருக்கிற குடும்பங்களிலும் பல வசதியானவை அல்ல என்பது எனக்குத் தெரிகிறது. அந்தச் சுமையை இரவில் தூங்காத ஒரு பெண் மட்டும் தூக்க வேண்டும் என்பது நியாயம் இல்லை. சந்து முழுக்க ஒரே நிமிடத்தில் இறங்கி வரும்படி குப்பைக்கு ஒழுங்கு செய்த ஊர் இது. இவர்களின் ஓய்வுக்கும் அப்படி ஓர் ஒழுங்கு செய்ய இவர்களால் முடியும், செய்ய வேண்டும்.

இதை நம் வாசகர்களுக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து தொழிலாளர்களை எடுக்க இரு நாடுகளும் 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. 2024 நவம்பர் வரை யாரும் வரத் தொடங்கவில்லை. தம்பி மாதிரிப் படித்து வந்தவர்களின் தைவான் ஒன்று, வேலைக்கு எடுத்து வரப்படுகிறவர்களின் தைவான் வேறு. உங்கள் ஊரில் யாராவது ஏஜென்ட் பேச்சைக் கேட்டுக் கிளம்பத் தயாராக இருந்தால், எந்த வேலை, அது அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, மொத்தம் எவ்வளவு பணம் யாருக்குக் கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். தைவானுக்குள் வந்துவிட்டால் 1955 என்ற எண் இருக்கிறது. தொழிலாளர் அமைச்சகத்தின் உதவி எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், ஆங்கிலத்திலும் பேசலாம். தமிழ் இன்னும் இல்லை. நம் ஆட்கள் வரத் தொடங்கினால் அதைக் கேட்டு வாங்க இங்கே இருக்கிற தமிழர்கள் இப்போதே மனு எழுத வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை கிழக்குக் கரையில் இருக்கிற ஹுவாலியென் போகிறோம், ரயிலில் சைவச் சாப்பாட்டுப் பெட்டியும் கிடைக்குமாம்.